சித்தி சொல்லும் ஆறு எண்கள்

எங்கள் குடும்பத்தில் ஒரு காலத்தில் பதினோரு கிரெடிட் கார்டுகள் இருந்தன. பதினொன்றுக்கும் பதிவு செய்திருந்த கைப்பேசி எண் ஒன்றே ஒன்றுதான். அது சித்தப்பாவின் எண். வங்கியில் வேலை பார்க்கும் யாரிடமாவது இதைச் சொன்னால் ஒன்று சிரிப்பார், இல்லையென்றால் போலீசைக் கூப்பிடுவார். ஆனால் இது சித்தப்பாவின் கதை இல்லை. அவர் பண்ணி வைத்துவிட்டுப் போன காரியத்தைக் கடைசி வரைக்கும் சுமந்த சித்தியின் கதை. கொஞ்சம் என் கதையும்தான். அந்தப் பகுதியைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை, ஆனால் வேறு வழியில்லை.

சித்தி என்றால் என் அப்பாவின் தம்பி மனைவி. ஒரு பெரிய தொழிற்சாலையின் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். மாடிப்படிக்கு அடியில் ஜன்னல் இல்லாத சின்ன அறை. எதிரே துளைகள் நிறைந்த பலகை, காதில் ஹெட்போன், கையில் ஒயர். யாருக்கு யார் வேண்டுமோ அவரோடு சேர்த்துவிடுவது வேலை. எண்களை இரண்டிரண்டாகப் பிரித்துத்தான் சொல்வார். சொல்லி முடித்ததும், "திரும்பச் சொல்லுங்க" என்பார். எதிராளி ஒழுங்காகத் திரும்பச் சொன்னால்தான் விடுவார். பேசுகிறவர்கள் ஓய்ந்தது போலிருந்தால் நடுவில் வந்து, "முடிஞ்சுதா? லைனை எடுத்துடலாமா?" என்று கேட்காமல் ஒயரை உருவ மாட்டார். இருபத்தாறு வருடத்தில் ஒரு தப்பான எண் கொடுத்ததில்லை. ஓய்வு பெற்ற அன்று மேலாளர் இதை மைக்கில் சொன்னபோது சித்தி எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டார்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. அண்ணன் பிள்ளைகளான நாங்கள் நான்கு பேர்தான் அவர்களுக்கு எல்லாம் என்று வீட்டில் எப்போதும் சொல்லிக்கொள்வோம். சொல்லிக்கொள்வதில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

சித்தி வேலைக்குப் போன நாளில் வங்கி வேறு மாதிரி இருந்தது. சம்பளம் விழுந்த மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போவார். சீட்டு எழுதிக் கொடுத்தால் பித்தளையில் ஒரு டோக்கன் கிடைக்கும். அதைக் கைக்குள் உருட்டிக்கொண்டு மர பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். சித்தியின் சிநேகிதிகளில் பாதிப் பேர் அந்தப் பெஞ்சில் கிடைத்தவர்கள். கூண்டுக்குள்ளிருந்து காசாளர், "என்னம்மா, இந்த மாசம் ரெண்டு நாள் லேட்டு? உடம்புக்கு என்ன?" என்று கேட்பார். எடுக்கிற பணம் என்னவோ கொஞ்சம்தான். நாலு பேரைப் பார்த்துவிட்டு வந்த திருப்தியில் சித்தி அன்றைக்கு வீட்டில் பாட்டு முணுமுணுப்பார்.

சித்தப்பாவுக்கு நிலையான வேலை எதுவும் ஒட்டவில்லை. ஐம்பதை நெருங்கும்போது ஒரு வங்கிக்காகக் கிரெடிட் கார்டு பிடித்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. பெரிய கடையின் வாசலில் ஒரு மடக்கு மேசை, கழுத்தை இறுக்கும் டை, கையில் விண்ணப்பக் கட்டு. "சும்மா வாங்கி வச்சுக்குங்க சார். செலவே பண்ண வேணாம், பர்ஸ்ல கிடக்கட்டும்" என்பார். மாதத்துக்கு முப்பது விண்ணப்பம் பிடிக்க வேண்டும். மாதக் கடைசியில் இரண்டு மூன்று குறையும். குறைந்தால் எங்கள் வீட்டு அழைப்பு மணி அடிக்கும்.

"கடன் வாங்குறதுக்கு அட்டை வேறயா?" என்று என் அப்பா முறைத்தார். முறைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். தம்பி வேலை போய்விடுமே. அப்படித்தான் எங்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக, சிலருக்கு இரண்டாகவும், பதினோரு கார்டுகள் வந்தன. யாரும் கேட்டு வாங்கவில்லை. அப்பாவுடையது பீரோவில் துணிக்கு அடியில் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது.

விண்ணப்பம் போனதும் வங்கியிலிருந்து சரிபார்க்க ஒரு போன் வரும். அதில்தான் எங்கள் ஆள் ஒருவர் உளறினார். பெரியக்காவின் கணவர், அதாவது எங்கள் அத்தான், "கார்டா? எனக்கு எதுக்குங்க அது? சின்ன மாமா கேட்டாரு, போட்டுக் கொடுத்தேன்" என்று உண்மையைச் சொல்லி முதல் விண்ணப்பத்தையே கெடுத்தார். சித்தப்பா அதோடு உஷாராகிவிட்டார். அதற்கப்புறம் எங்கள் வீட்டு விண்ணப்பங்கள் எல்லாவற்றிலும் தன் கைப்பேசி எண்ணையே எழுதினார். வங்கி கூப்பிட்டால் அவரே அப்பாவாகவும் அத்தானாகவும் நானாகவும் பேசுவார். பெண்கள் பெயரில் வந்தால் போன் சித்தியின் கைக்குப் போகும். சித்தி அந்த ஆபரேட்டர் குரலில் என் அம்மாவாக, பெரியக்காவாக, என் மனைவியாகப் பிறந்த தேதி சொன்னார். "நம்பர் மட்டும்தான்டா நெஜம், மத்ததெல்லாம் பொய்" என்று பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பர்ஸில் சும்மா கிடப்பதற்காக எந்த வங்கியும் கார்டு கொடுப்பதில்லை என்று எங்களுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முதல் உறை பிரிந்தது. அப்புறம் பள்ளிக் கட்டணம், அப்புறம் டிவி, அப்புறம் சட்டை, செருப்பு, சினிமா டிக்கெட். முன்பெல்லாம் சேர்த்து வைத்து வாங்குவோம். பிறகு வாங்கிவிட்டுச் சேர்க்கலாம் என்று நினைக்கப் பழகினோம். கடைசியில் நினைப்பதையும் விட்டுவிட்டோம். ஆன்லைனில் வாங்கும் காலம் வந்தபோது கூடவே ஓடிபியும் வந்தது. யார் எதை வாங்கினாலும் அந்த ஆறு எண்கள் போய் விழுந்த இடம் சித்தப்பாவின் போன்.

எண்ணை மாற்றிக்கொண்டிருக்கலாம். அதற்கு வங்கிக்கு நேரில் போய்ப் படிவம் எழுதி வரிசையில் நிற்க வேண்டும். யார் போவது? சித்தப்பாவைக் கூப்பிட்டால் வேலை முடிந்தது.

"சித்தப்பா, ஓடிபி வந்துச்சா?"

"வந்துச்சு, வந்துச்சு. நாலாயிரத்துக்குச் செருப்பாடா? காலுக்கா, தலைக்கா?"

அவருக்கு அது ஒரு விளையாட்டு. யார் வீட்டில் என்ன வாங்குகிறார்கள் என்று அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு காலையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இழவுக்கு வந்த கூட்டம் கலைந்து நான்காவது நாள் அந்த எண்ணுக்கு முதல் போன் போட்டவன் நான். அலுவலகத்துக்கு ஒரு பை வாங்க வேண்டியிருந்தது. சித்தி எடுத்தார். அழுது கட்டிய தொண்டையோடு எண்களை இரண்டிரண்டாகச் சொன்னார். "திரும்பச் சொல்லு" என்றார். சொன்னேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பையை வாங்கிவிட்டேன்.

அன்றிலிருந்து சித்திக்கு மறுபடி வேலை கிடைத்தது என்றே சொல்ல வேண்டும். கூடத்துச் சுவரலமாரியில் சார்ஜரில் செருகியபடி போன் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும். அருகில் ஒரு ஸ்டூல், மூக்குக்கண்ணாடி, ஒரு டம்ளர் தண்ணீர். போனை அடுப்படிக்குக்கூட எடுத்துப் போக மாட்டார். "ஆபரேட்டர்தான் லைன்கிட்ட வரணும், லைன் ஆபரேட்டர் பின்னால வரக் கூடாது" என்பார். மாவுக்கையோடு ஓடி வந்து எடுப்பது எங்களுக்குக் கேட்கும்.

ஆனால் எண்ணைச் சும்மா கொடுத்துவிட மாட்டார். அதற்கு ஒரு சுங்கம் உண்டு.

"சித்தி, ஓடிபி."

"இருடா. சாப்டியா?"

"சாப்டேன் சித்தி, மூணு நிமிஷம்தான், நேரம் போகுது."

"என்ன சாப்ட?"

"சித்தி!"

"சரி, சரி. நாலு ஏழு... சைபர் ரெண்டு... ஒன்பது ஒன்பது. திரும்பச் சொல்லு."

எத்தனை தடவை பல்லைக் கடித்திருப்பேன்! பெரியக்கா இதற்காகவே முதல் வாக்கியத்திலேயே, "சாப்பிட்டேன், உடம்பு நல்லா இருக்கு, பிள்ளைங்க நல்லா இருக்காங்க, ஓடிபி சொல்லுங்க" என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவாள். ஒருமுறை சித்தி கீழ்வீட்டில் பேச்சு சுவாரசியத்தில் இருந்துவிட்டார். அத்தான் ரயில் டிக்கெட்டுக்காகப் பதினேழு தடவை போன் போட்டுப் பார்த்துவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்க் கதவை உடைக்காத குறையாகத் தட்டினார். குடும்பமே பதறிப் போனது. டிக்கெட்டுக்காகத்தான், சித்திக்காக இல்லை. ஆனாலும் பதறினோம்.

இத்தனை பேருக்கு எண் சொன்ன சித்தியிடம் ஒரு கார்டும் கிடையாது. அவருக்குப் பாஸ்புக்தான். மாதம் ஒருமுறை வங்கிக்குப் போய் ஓய்வூதியம் எடுப்பார். அங்கே பெஞ்சு போய்ப் பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. நாற்காலி போய் மெஷின் வந்தது. பழைய காசாளர் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வந்த இளைஞர், "இதுக்கெல்லாம் நீங்க வரவே வேணாம்மா, வீட்ல இருந்தே எல்லாம் பண்ணிக்கலாம்" என்றாராம். "வீட்ல இருக்க முடியாமத்தானப்பா இங்க வர்றேன்" என்று சித்தி சொன்னாராம். இதை எங்களிடம் வேடிக்கையாகச் சொன்னார், நாங்களும் சிரித்தோம். அடுத்த வருடம் அந்தக் கிளையையே மூடி ஊரின் மறுகோடியில் இன்னொன்றோடு சேர்த்துவிட்டார்கள். அதற்கப்புறம் அவருக்கு வெளியுலகம் என்றால் அந்தச் சுவரலமாரிதான்.

பிறகு வங்கிகள் எல்லாவற்றையும் கைப்பேசிச் செயலிக்குள் கொண்டுவந்தன. செயலி வேண்டுமென்றால் அவரவர் போனில் அவரவர் எண் இருக்க வேண்டும். எண்ணை மாற்ற வங்கிக்குப் போகவும் வேண்டாம், உட்கார்ந்த இடத்திலேயே மாற்றலாம். ஒன்றே ஒன்றுதான், மாற்றுவதற்கும் பழைய எண்ணுக்கு ஒரு ஓடிபி வரும். கடைசி ஓடிபி.

பெரியக்காதான் முதலில் மாற்றினாள். சித்தி செய்தியை முழுதாக வாசித்தார். "பதிவு எண்ணை மாற்றுவதற்குன்னு போட்டிருக்கு. மாத்தணுமா?" "ஆமா சித்தி, உங்களுக்கும் தொந்தரவு பாருங்க." "எனக்கென்ன தொந்தரவு" என்று சொல்லிவிட்டு எண்ணைச் சொன்னார். அத்தான், தம்பி, தம்பி மனைவி, சின்ன அக்கா, என் மனைவி என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். எல்லோரும் அதே வாக்கியத்தைச் சொன்னார்கள், உங்களுக்கும் தொந்தரவு பாருங்க. அப்பா, அம்மா கார்டுகள் அவர்களோடு போய்விட்டன. ஒரு வருடத்துக்குள் பதினொன்று ஒன்றாகியது.

அந்த ஒன்று என்னுடையது. பாசத்தால் வைத்திருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சோம்பேறித்தனம்.

ஒரு சனிக்கிழமை புது ஃபிரிட்ஜ் வாங்கக் கடைக்குப் போயிருந்தோம். தவணைக்கு மாற்ற ஓடிபி வேண்டும். சித்தி எடுக்கவில்லை. பின்னால் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். "இந்தக் காலத்துல யாராவது சித்தி போனுக்கு ஓடிபி வரவைப்பாங்களா?" என்று என் மனைவி காதைக் கடித்தாள். நான்காவது முறை எடுத்தார். குளித்துக்கொண்டிருந்தாராம். அவமானத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. வீடு திரும்பியதும் முதல் வேலையாகச் செயலியை இறக்கி, எண்ணை மாற்ற உட்கார்ந்தேன்.

"சித்தி, ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க."

செய்தியை முணுமுணுத்து வாசிப்பது கேட்டது. "நீயுமாடா?" என்றார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

எண்ணைச் சொன்னார். தவறு என்றது செயலி. இன்னொன்று வரவழைத்தேன். சொன்னார். அதுவும் தவறு. மூன்றாவதும் தவறு. இருபத்துநான்கு மணி நேரத்துக்குக் கார்டு பூட்டப்பட்டதாகச் சிவப்பு எழுத்தில் வந்தது.

நான் கத்தினேன். "கண்ணு தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதானே சித்தி? எத்தனை தடவை? வயசானா ஒத்துக்கணும்."

"ஆமாடா. கண்ணாடி மாத்தணும்" என்றார்.

மறுநாள் ஞாயிறு. எரிச்சலோடு நேரிலேயே போனேன். அந்த வீட்டுப் படியேறிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. சித்தி கதவைத் திறந்தபோது நல்ல புடவை கட்டியிருந்தார். மேசையில் இரண்டு கப் காப்பி தயாராக மூடி வைத்திருந்தது. நான் அதைக் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை. நேராகப் போய்ப் போனை எடுத்து முந்தின நாள் செய்திகளைப் பார்த்தேன். ஐந்து எட்டு, ஒன்று மூன்று, சைபர் ஏழு. எனக்குச் சொன்னது கடைசியில் ஏழு சைபர். மற்ற இரண்டிலும் அதே மாதிரி கடைசி இரண்டு எண்கள் மட்டும் இடம் மாறியிருந்தன.

இருபத்தாறு வருடம். ஒரு தப்பான எண் கிடையாது.

"வேணும்னே தப்பா சொன்னீங்களா?"

"மூணு தடவை தப்பானா நீ நேர்ல வருவேன்னு தெரியும்" என்றார் சித்தி. காப்பியின் மூடியை எடுத்தார். "ஒன்னுதான்டா பாக்கி. இதுவும் போச்சுன்னா இந்த போன் எதுக்கு? யாரு கூப்பிடப் போறீங்க?"

"என்ன சித்தி இப்படிப் பேசறீங்க. வாராவாரம் நான் கூப்பிடுறேன். ஓடிபிக்கு இல்ல, சும்மா பேச."

"சத்தியமா?"

"சத்தியமா."

சாயங்காலம் பூட்டு திறக்கும் வரைக்கும் அங்கேயே இருந்தேன். சித்தி பேசிக்கொண்டே இருந்தார், பெஞ்சு, டோக்கன், காசாளர், மாடிப்படிக்கு அடியிலிருந்த அறை. பாதி நேரம் நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் வந்ததும் எண்ணை வரவழைத்தேன். திரை என் கண்ணுக்கு எதிரேதான் இருந்தது, ஆனாலும் சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து தானே வாசித்தார். இரண்டிரண்டாக, தெளிவாக. நான் திரும்பச் சொன்னேன். எண் மாறிவிட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது.

"முடிஞ்சுதா?" என்றார். "லைனை எடுத்துடலாமா?"

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "முடிஞ்சுது சித்தி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான்கு வாரம் கூப்பிட்டேன். ஐந்தாவது வாரம் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். ஆறாவது வாரம் மறந்துவிட்டேன். ஏழாவது வாரம், இவ்வளவு நாள் கழித்துக் கூப்பிட்டால் என்ன சொல்வது என்று ஒரு கூச்சம் வந்தது. அதற்கப்புறம் வாரத்தை எண்ணவில்லை. செயலி நன்றாக வேலை செய்தது. போனைக் காட்டினால் போதும், காசு போய்விடும். யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை சித்தி குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். வாசலில் மூன்று நாள் செய்தித்தாள் எடுக்காமல் கிடப்பதைப் பார்த்துச் சனிக்கிழமை மாலை கீழ்வீட்டுக்காரர் கதவை உடைத்தார். உயிர் இருந்தது. "வியாழக்கிழமையே கொண்டு வந்திருந்தா..." என்று டாக்டர் ஆரம்பித்தார். நாங்கள் நான்கு பேரும் நிற்பதைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டார். ஞாயிறு மதியம் சித்தி போய்விட்டார். கண் திறக்கவில்லை.

பழைய நாளாக இருந்தால் என்று நான் கணக்குப் போட்டுப் பார்க்காத நாளில்லை. பதினோரு கார்டில் ஏதாவது ஒன்றுக்கு அந்த வியாழக்கிழமை ஒரு ஓடிபி வந்திருக்கும். சித்தி எடுக்காவிட்டால் மூன்று நிமிடத்தில் பதறியிருப்போம். பதினேழு தடவை கூப்பிட்டிருப்போம். ஒரு டிக்கெட்டுக்காகவோ ஒரு செருப்புக்காகவோ அத்தான் ஸ்கூட்டரில் போய்க் கதவைத் தட்டியிருப்பார்.

ஆஸ்பத்திரியில் ஏதோ அடையாள அட்டை கேட்டார்கள் என்று நான்தான் வீட்டுக்குப் போனேன். குளியலறைக்கும் சுவரலமாரிக்கும் நடுவே பத்து அடிகூட இருக்காது. போன் அதே இடத்தில் சார்ஜரில் இருந்தது. நூறு சதவீதம். அருகில் ஸ்டூல், மூக்குக்கண்ணாடி, டம்ளரில் தண்ணீர். போனை எடுத்து அழுத்திப் பார்த்தேன். அந்த மூன்று நாளில் ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது, ஏதோ வங்கி புதிதாக ஒரு கார்டு தருகிறதாம். தவறிய அழைப்பு ஒன்றுகூட இல்லை.